அடித்த சொல்

பச்சை அட்டைக் குறிப்பேடு.
பிறர் எடுத்த படங்களுக்கு வாரம் ஒரு பக்கம்.
லென்ஸ், துளை, நொடிக்கணக்கு வேண்டாம்,
படம் உன்னை என்ன செய்தது, அதை எழுது
என்று சொல்லியிருந்தார்கள்.

முதல் படம் என்னை ஒன்றும் செய்யவில்லை.
அப்படியே எழுதினேன்.
கோதுமை வயல், மேலே
தனக்கே அலுத்துப்போன ஒரு மேகம்.

இரண்டாவது, ஹெர்த்தா கால்வே எடுத்தது.
ரிகா துறைமுகம், மழைக்கு முந்தைய வெளிச்சம்,
சாக்கு மூட்டைகளின் மேல்
வாய் திறந்து தூங்குகிறான் ஒருவன்.
ஒரு காலில் பூட்ஸ் இல்லை.
'எவ்வளவு அமைதி!' என்று எழுதினேன்.
'உழைப்புக் கடலில் உறக்கம் ஒரு தீவு'
என்றும் எழுதினேன்.
பத்தொன்பது வயதில் உவமை மலிவு.

மூன்றாவது, எடுத்தவர் பெயர் தெரியாது.
பழம்பொருள் சந்தையில் ஐம்பது சென்ட்.
கல்யாணக் கூட்டம் முழுக்க கேமராவைப் பார்க்க
தோழிப்பெண் ஒருத்தி மட்டும்
சட்டகத்துக்கு வெளியே, வலப்பக்கம் பார்க்கிறாள்.
நானும் திரும்பிப் பார்த்தேன்.
என் அறைச் சுவர். ஹீட்டர்.
அதன்மேல் காயும் என் சாக்ஸ்.
அவள் முகம் அதற்கு ஏற்றதாகத்தான் இருந்தது.

நான்காவதில்
உறைந்த டௌகாவாவில் துளையிட்டு
மீனுக்குக் காத்திருக்கிறார் ஒருவர்.
வகுப்பில் எல்லோரும் வெண்மையைப் பேசினார்கள்.
எனக்கு நாற்றம் அடித்தது.
படத்துக்கு வாசனை இல்லை என்பவர்கள்
விடிகாலை நான்கு மணிக்குச் சந்தையில்
புகைமீன் பெட்டி தூக்கியதில்லை.
நான் தூக்குகிறேன். வாரம் ஐந்து நாள்.

ஐந்து, ஆறு, ஏழு, எட்டு:
காய்ச்சல், கடன் வாங்கிய கருத்துகள்.

ஒன்பதாவது படத்தை
இல்கோனிஸ் சுவரில் குத்தினான்.
என் வகுப்புத்தோழன், மூன்றாம் நாற்காலி.
ஏழாம் எண் டிராம். பனி பூத்த ஜன்னல்.
தூங்கும் பெண்.
பெண்ணின் குல்லாய் என்னுடையது.
குல்லாய்க்குக் கீழே இருந்ததும்.

'எவ்வளவு அமைதி' என்றாள் ட்ஸிட்ரா,
நல்லவள், மனதாரச் சொன்னாள்.

அந்தக் காலை
தாமதம் என்று இரண்டு மணிநேரக் கூலியைப் பிடித்திருந்தார்கள்.
தூக்கத்தில் நான்
குளிர்அறைக் கதவை உள்ளிருந்து தட்டிக்கொண்டிருந்தேன்.
படத்தில் கதவு இல்லை.
சட்டைக் கையில் ஒட்டிய செதில் ஒன்று
நட்சத்திரம்போல மின்னுகிறது,
அதை எல்லோரும் பாராட்டினார்கள்.
கேமராப் பையின் வாரை
மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறேன்,
திருடனுக்குப் பயந்து.
எதிர் இருக்கைக் குழந்தை
என்னைப் பார்க்கவில்லை,
எடுப்பவனைப் பார்க்கிறது.

'கேட்டிருக்கலாமே' என்றேன் படிக்கட்டில்.
'கேட்டிருந்தால் விழித்திருப்பாய், விஸ்மா.'
உண்மைதான். அதனால் கோபம் இரட்டித்தது.
படம் வேறு நன்றாக இருந்தது,
சனியன், என் படம் எதையும்விட.

இரவு இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பினேன்.
ஹெர்த்தாவின் மனிதனை
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
பூட்ஸ் இல்லாத பாதத்தில்
ஐந்து விரலும் உள்மடங்கி
எதையோ இறுகப் பிடித்திருந்தன.
'அமைதி'யை அடித்தேன்.
தீவையும் அடித்தேன், கடலோடு சேர்த்து.
எழுத வேறு சொல் வரவில்லை.
ஓரத்தில், சின்னதாக:
இன்னொரு பூட்ஸ் எங்கே?

ஒன்பதாம் பக்கம் வெற்றாகவே போனது.
மதிப்பெண் குறைத்தார்கள், சரி.

வியாழக்கிழமை, அதே டிராம்.
எதிரே ஒரு கிழவர், கண்ணாடியில் தலை சாய்த்து.
பாலத்தில் ஏறும்போது வெயில் சரிந்து வந்து
அவர் காதைச் சிவப்பாக ஏற்றியது,
உள்ளே நரம்பு தெரியும் சிவப்பு.
இரண்டு நிமிடம் நிற்கும் இந்த வெளிச்சம்,
பாலம் முடியும் வரை.

வாரில் ஒரு சுற்றை அவிழ்த்தேன்.
இன்னொரு சுற்று இருந்தது.